மணியன் அன்ட் சன்ஸ், 1958 முதல் இன்றுவரை

சேசு மரி சூசை துணை

நாமக்கல்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு தம்பி தோமினிக் எழுதுவது. இங்கே நான், ஜெபமலர், பாப்பா மூவரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். உன் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? குளிரில் வெறுங்காலோடு நடக்காதே என்றால் நீ கேட்கப் போவதில்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். ஊரே போனில் பேசுகிறது. அடைபட்ட மடத்தில் அக்கா வாய்த்த பாவத்துக்கு நான் மட்டும் தபாலாபீசில் ஸ்டாம்பு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. என் லாரிப் பட்டறைக்கு இப்போது வயது அறுபத்தாறு.

சிரிக்காதே. 2020-ல் சேந்தமங்கலம் ரோட்டில் என்னோடு சேர்ந்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறை திறந்தவர்கள் பத்துப் பேர். ஆறு பேர் மூடிவிட்டார்கள். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. புதுக் கம்பெனி என்றால் வங்கியில் உட்காரக்கூடச் சொல்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் சங்கத் தலைவர் ஈஸ்வர் அண்ணன் சொல்வார்: "கம்பெனியும் கைக்கொழந்தையும் ஒண்ணு தம்பி. மொத அஞ்சு வருசம் தாண்டறதுதான் பாடு. முப்பது தாண்டிருச்சுன்னா அதைச் சாவடிக்க ஆளே கெடையாது."

ஒரு பால் நிறுவனம் நாற்பது குளிர்வண்டிகளுக்கு டெண்டர் விட்டிருக்கிறது. முதல் நிபந்தனையே இருபத்தைந்து வருஷத் தொடர் அனுபவம். அப்போதுதான் மணியன் அன்ட் சன்ஸ் ஞாபகம் வந்தது. 1958-ல் மணியன் என்பவர் தொடங்கிய பட்டறை. ஒரு காலத்தில் நாமக்கல்லில் லாரி என்றாலே அவர் கட்டிய பாடிதான். அவருடைய பேரன் நிலவன் ராசிபுரத்தில் வாத்தியார். அவருக்கு இதில் நாட்டமில்லை. பெயரையும் ஷெட்டையும் எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே பெயர்ப்பலகை, ஒரு தேக்கு மேசை, ஒவ்வொரு வண்டியிலும் அறையும் பித்தளைத் தகட்டுக்கு எண் குத்தும் மெஷின் எல்லாம் வந்தன. மெஷின் 1412-ல் நிற்கிறது. என் சின்னப் பலகையைக் கழற்றி பரண்மேல் போட்டுவிட்டேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மடத்தில் ஜெபக் கருத்துச் சீட்டு வாசிப்பீர்களே, அதில் இதை எழுதிப் போடு: "1958 முதல் இன்றுவரை இடைவிடாது உழைத்துவரும் மணியன் அன்ட் சன்ஸுக்காக." ஒரு வார்த்தையும் மாற்றாதே.

உன் ஜெபத்தை நம்பியிருக்கும்
தோமினிக்

*

சேசு மரி சூசை

கார்மேல் மடம், மைலாப்பட்டி
5.9.2024

பிரியமுள்ள தம்பிக்கு, அக்கா ஜெஸ்ஸியின் ஆசீர். மூச்சிரைப்பு வழக்கம்போல் வருகிறது, போகிறது. ஜெபமலரைக் கேட்டதாகச் சொல். பாப்பா வரைந்து அனுப்பிய யானையை மதர் பன்றி என்று சொல்லிவிட்டார். நான் சண்டை போடவில்லை.

முப்பத்தாறு வயதில் அறுபத்தாறு வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்தவன் நீ ஒருவன்தான். உன் சீட்டைப் போட்டுவிட்டேன். தினமும் மாலை ஜெபத்துக்குப் பின் எங்கள் எட்டுப் பேரில் இளைய சகோதரி அதை வாசிக்கிறாள். மற்ற ஏழு பேரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்கிறோம். மேல்நாட்டுப் போருக்கும் உன் பட்டறைக்கும் நடுவில் ஒரு மூச்சுதான் இடைவெளி.

ஆனால் வயதைப் பார்த்து மயங்காதே. இந்த மடத்துக்கு நூற்றுநாற்பது வயது. நான் வரும்போது இருபத்திரண்டு பேர் இருந்தோம், இப்போது எட்டு. கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு விளங்காதது ஒன்று இருக்கிறது. நன்றாக ஓடும் கம்பெனியை எந்தப் பேரனாவது தூக்கிக் கொடுப்பானா? அந்த மணியன் என்ன ஆனார்? இரண்டையும் எழுது.

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும்.
ஜெஸ்ஸி

*

சேசு மரி சூசை துணை

நாமக்கல்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, எல்லாரும் நலம். எனக்கு மட்டும் வலது முழங்கால் கொஞ்சம் பிடிக்கிறது. குனிந்து நிமிர்கிற வேலைதானே.

டெண்டர் நமக்கே வந்துவிட்டது. போன வருஷம் என்னை வாசலோடு அனுப்பிய அதே வங்கி மேலாளர் இப்போது எழுந்து நின்று கைகொடுக்கிறார். ஆயுத பூஜையன்று பங்குச் சாமியாரை அழைத்துவந்து பட்டறையை மந்திரிக்க வைத்தேன். என்ன சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். உனக்கு எழுதியதையே சொன்னேன். "அறுபத்தாறு வருடமாக ஒருநாளும் ஓயாமல் இங்கே நடந்துவரும் உழைப்பை ஆசீர்வதித்தருளும்" என்று உருக்கமாகச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பொரி, கடலை, சாக்லேட் கேக் எல்லாம் கொடுத்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு பெரியவர் வந்தார். சட்டையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, தேக்கு மேசையில் பலகை இழைக்க ஆரம்பித்துவிட்டார். பெயர் தங்கமுத்து, மணியன் காலத்துத் தச்சர். "எப்பங்க ஐயா கடைசியா இங்க வந்தீங்க?" என்று கேட்டேன். "நேத்து வந்தனுங்களே சாமி, நீங்க பாக்கலீங்களா" என்றார். வயதாகிவிட்டது, தடுமாறுகிறார். ஆனால் கை சுத்தமான கை.

ஒரு வேடிக்கை. முதல் குளிர்வண்டிக்குத் தகடு அடித்தேன். 1413 என்று விழ வேண்டும். 2909 என்று விழுந்தது. வேலையாட்கள் யாராவது திருகியிருப்பார்கள். அதையே வைத்துக்கொண்டோம். பெரிய எண்ணாக இருந்தால் நல்லதுதானே.

பாப்பா உனக்கு இன்னொரு யானை வரைந்திருக்கிறாள்.

தோமினிக்

*

சேசு மரி சூசை

மைலாப்பட்டி
8.11.2024

பிரியமுள்ள தம்பிக்கு, யானை வந்தது. இந்தமுறை மதரே யானை என்று ஒத்துக்கொண்டார். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட ஜெபமலரிடம் சொல்.

பொரி கடலை வரைக்கும் எழுதிவிட்டாய். நான் கேட்ட இரண்டுக்கும் பதில் இல்லை. நீ நிறையப் பேசினால் எதையோ பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அர்த்தம். உன்னை வளர்த்தவள் நான்.

நேராகவே கேட்கிறேன். அந்தக் கம்பெனி நடுவில் மூடிக்கிடந்ததா? மூடிக்கிடந்தால் எத்தனை வருஷம்? 1413-க்கும் 2909-க்கும் நடுவில் ஆயிரத்தைந்நூறு வண்டிகள் இருக்கின்றன. அவற்றை யார் கட்டினார்கள்?

டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் எழுதவும் வாங்கவும் அனுமதி இல்லை என்பது உனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எழுது.

ஜெஸ்ஸி

*

சேசு மரி சூசை துணை

நாமக்கல்
27.11.2024

அன்புள்ள அக்காவுக்கு, ஜெபமலருக்கு ஜலதோஷம், மற்றபடி சுகம்.

ஆமாம், மூடிக்கிடந்தது. 1990 பொங்கலன்று மணியன் பூட்டினார். அதன்பின் முப்பத்துநாலு வருஷம் யாரும் திறக்கவில்லை. டெண்டருக்குத் தொடர்ந்து நடந்ததாகக் காட்ட வேண்டும். அதனால் 1958 முதல் ஒருநாளும் இடைவெளியின்றி இயங்கிவருகிறது என்று பிரமாணப் பத்திரம் எழுதி, அம்மாவின் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். இதில் யார் குடி முழுகிவிட்டது? வண்டியில் குறை உண்டா? ஆணி ஒன்று குறைத்து அடித்தேனா? வயதை மட்டும்தான் கூட்டினேன். பெண் பார்க்கும்போது ஊரே குறைக்கிறது.

உன்னிடம் மறைக்கவில்லை, எழுதத்தான் தள்ளிப்போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு கரும்பு லாரி ரிப்பேருக்கு வந்தது. பின்கதவில் தகடு: மணியன் அன்ட் சன்ஸ், 1998. டிரைவர் என்னைப் பார்த்து, "நீங்கதானுங்க கட்டிக் குடுத்தீங்க. அப்ப கொஞ்சம் ஒல்லியா இருந்தீங்க" என்றார். 98-ல் எனக்குப் பத்து வயது. சேலத்தில் நாலாங்கிளாசோ அஞ்சாங்கிளாசோ படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்தக் கதவுக் கீலில் ஒரு மடிப்பு இருக்கிறது. அந்த மாதிரி மடிப்பு நானாக யோசித்துக் கண்டுபிடித்தது, வேறு யாருக்கும் தெரியாது. எந்த ஆணி தளர்ந்திருக்கும் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

பயமாக இல்லை அக்கா. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தோமினிக்

*

சேசு மரி சூசை

மைலாப்பட்டி
28.12.2024

பிரியமுள்ள தம்பிக்கு, உனக்கும் ஜெபமலருக்கும் பாப்பாவுக்கும் பாலன் பிறப்பின் வாழ்த்து. உன் கடிதம் மதரின் மேசையில் நாலு வாரம் கிடந்து, பண்டிகையன்று மதியம் கைக்கு வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம். பொய்ச் சத்தியம் செய்தது போதாதென்று அதை எங்கள் வாயிலும் வைத்தாய். ஒன்றுமறியாத எட்டுப் பேர் நாலு மாதமாக, தினம் தவறாமல், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லி ஆண்டவரிடம் மன்றாடியிருக்கிறோம். மதரிடம் சொல்லிச் சீட்டை எடுத்து அடுப்பில் போட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் மணியன் கட்டியது 1412. அதே வேகத்தில் நிற்காமல் கட்டிக்கொண்டே வந்திருந்தால் இந்த வருஷம் 2909 வரும். உன் மெஷினை யாரும் திருகவில்லை தோமினிக். நீ நடந்ததாகச் சத்தியம் செய்த வருஷங்கள் எங்கிருந்தோ வந்து நிரம்புகின்றன. எங்கிருந்து என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருவன். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். பால் நிறுவனத்துக்குப் போய் உண்மையைச் சொல்லிப் பத்திரத்தைத் திரும்ப வாங்கு. வண்டி போனால் போகட்டும். 1996 மே மாத லீவில் ஜேடர்பாளையம் அணைக்குப் போனோமே, நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இறங்கினாய். தண்ணீர் இழுத்தது. முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் ஒழுக நின்றுகொண்டு அப்பாவிடம், "நான் தண்ணிக்கே போகலைப்பா" என்றாய். உன் போன கடிதத்தைப் படிக்கும்போது அந்த முகம்தான் தெரிந்தது.

தாமதிக்காமல் எழுது.
ஜெஸ்ஸி

*

உ

நாமக்கல்
9.2.2025

அக்காவுக்கு, நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளவும். ஷெட்டில் வேலை அதிகம்.

பழைய ஆட்கள் பதினோரு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். இளவயதுக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இங்கே ஏதோ மாதிரி இருக்கிறதாம். போகட்டும். முன்பு பத்து நாளில் முடித்த வண்டிக்கு இப்போது நாற்பது நாள் ஆகிறது. பால் நிறுவனத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. புதுக் கம்பெனி தாமதித்தால் திவாலாகப் போகிறது என்பார்கள். பழைய கம்பெனி தாமதித்தால் அதற்குப் பெயர் நிதானம். வேலை குறையக் குறைய மரியாதை கூடுகிறது. இதை நாங்கள் எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறோம்.

கண்ணாடி போட்டாயிற்று. முழங்காலை மடக்க முடிவதில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது என்று ஜெபமலர் அழுகிறாள். முப்பத்துநாலு வருஷம் மரத்தூளில் நின்றால் நரைக்காதா?

நீ 1996 மே மாதத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த மாதம் ஷெட்டில் பாடி கட்ட மூன்று சேஸிஸ் நின்றன. கோடை மழையில் பலகையெல்லாம் ஊறிப்போய்ப் பெரும்பாடு. நான் எங்கும் போகவில்லை. வேறு யாரையோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய்.

இப்படிக்கு
தோ.

*

சேசு மரி சூசை

மைலாப்பட்டி
20.2.2025

தம்பி, உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. தலைப்பில் அம்மா கற்றுக்கொடுத்த சேசு மரி சூசை இல்லை, பிள்ளையார் சுழி இருக்கிறது. அதில் தப்பொன்றுமில்லை, அது மணியன் வீட்டு வழக்கம். நம் வீட்டு வழக்கம் எங்கே போயிற்று?

வருஷங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டேன். இப்போது தெரிகிறது. உன் வாழ்நாளிலிருந்துதான் அந்தக் கம்பெனி எடுக்கிறது. 1990-லிருந்து அந்த ஷெட்டில் ஒருவன் நின்றிருக்க வேண்டும் என்று நீயே எழுதிக் கொடுத்தாய். நிற்பதற்கு உன்னைத் தவிர ஆளில்லை. எட்டுப் பேர் சேர்ந்து மன்றாடியதற்குப் பலன் கிடைத்துவிட்டதோ என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவி நான், ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல் எழுதிப் போட்டேன்.

ஜெபமலரை எந்தக் கோயிலில் கைப்பிடித்தாய்? பாப்பா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து நீ எனக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்து நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். "அக்கா, அவளுக்கு உன் மூக்கு. நல்லவேளை உன் வாய் இல்லை" என்று எழுதியிருந்தாய். உரக்கப் படி. தினமும் படி.

மார்ச் ஐந்தாம் தேதி விபூதிப் புதன். அதிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கதவு அடைத்துவிடும். அதற்குள் எழுது, சாமி.

ஜெஸ்ஸி

*

சேசு மரி சூசை துணை

நாமக்கல்
30.3.2025

அன்புள்ள அண்ணிக்கு ஜெபமலர் எழுதுவது. தவக்காலத்தில் கடிதம் தரமாட்டார்கள் என்று தெரியும். அப்படியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் பாப்பாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம்.

அவர் வீட்டுக்கு வந்து இருபத்தாறு நாள் ஆகிறது. ஷெட்டிலேயே இருக்கிறார். போன ஞாயிறு பூசை முடிந்து பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சோறு எடுத்துப் போனேன். எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கம்மா. வண்டி விசயமா வந்தீங்களா?" என்று கேட்டார். பாப்பா அப்பா என்று ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் குனிந்து அவள் தலையைத் தொட்டு, "யாரு ஊட்டுப் புள்ளைங்க இது, நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு தங்கமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்துக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பாவம், நல்லா எழுதியிருக்காருங்க" என்றார்.

ராசிபுரம் போய் நிலவன் சாரைப் பார்த்தேன். மணியன் நொடித்துப்போய் மூடவில்லையாம் அண்ணி. கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாம். 1990 பொங்கலன்று சாப்பிட வீட்டுக்கு வந்தவர், பெற்ற மகனைப் பார்த்து "நீ யாரு சாமி" என்று கேட்டிருக்கிறார். கேட்ட பிறகு அவருக்கே விளங்கியிருக்கிறது. இலையை விட்டு எழுந்துபோய்த் தன் கையாலேயே பூட்டிவிட்டு வந்தாராம். அதற்கப்புறம் சேந்தமங்கலத்தில் காட்டில் வெள்ளாமை பார்த்துக்கொண்டு பத்து வருஷம் இருந்திருக்கிறார். பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பெயர் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். "ஓடற கம்பெனி தானா நிக்காதுங்க. ஆளைத் தின்னுட்டு ஓடும். மொதலாளியே பூட்டுனாத்தான் உண்டுன்னு சொல்லுவாருங்க" என்றார் நிலவன் சார்.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அழுதேன். "சொன்னனுங்கம்மா. பேரு வாங்க வந்த அன்னிக்கே உக்கார வெச்சுச் சொன்னேன். சிரிச்சாருங்க" என்றார்.

நான் ஒரு பூட்டு கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். காலையில் போனால் கதவு திறந்து கிடக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜெபமலர்

*

சேசு மரி சூசை

மைலாப்பட்டி
21.4.2025

தம்பி தோமினிக், நேற்று பாஸ்கா. ஜெபமலர் எழுதியது நேற்றுத்தான் கிடைத்தது. மூன்று வாரம் அது ஒரு மேசை இழுப்பறையில் கிடந்தது. பத்தடி தள்ளி நான் முழந்தாளில் இருந்தேன்.

உன் மனைவி பெயர் ஜெபமலர். உன் மகளுக்கு ஏழு வயது, யானை வரைவாள். நான் உன் அக்கா ஜெஸ்ஸி. மணியன் பூட்டியது போல நீயும் பூட்டு. வெளியே வர ஆயரிடம் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன்.

உனக்கு யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பதில் எழுது.

ஜெஸ்ஸி

*

உ

மணியன் அன்ட் சன்ஸ்
லாரி பாடி கட்டுமிடம்
1958 முதல் இன்றுவரை

நாமக்கல்
5.5.2025

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு, வணக்கம். தாங்கள் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

தங்களது 21.4.2025 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. தாங்கள் குறிப்பிடும் தோமினிக் என்ற பெயரில் எங்களிடம் யாரும் இல்லை. எங்கள் நிறுவனம் எந்த நாளும் மூடப்பட்டதில்லை, மூடும் உத்தேசமும் இல்லை. தங்கள் குடும்பத்தார் வண்டி ஏதேனும் கொடுத்திருந்தால், வருடத்தையும் தகட்டு எண்ணையும் தெரிவித்தால் தேடிப் பார்க்கிறோம்.

இவ்விடம் வந்த பெண்மணியும் குழந்தையும் தங்களைச் சேர்ந்தவர்கள் என்று அறிகிறோம். குழந்தை வரைந்த யானைப் படம் ஒன்றை மேசையில் விட்டுச் சென்றுவிட்டது. பத்திரமாக வைத்திருக்கிறோம்.

தாங்கள் கேட்காத ஒன்றை எழுதுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து இந்த ஷெட்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஒரு சிறுமி என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறாள். அவளால் தூக்க முடியவில்லை. நான் வழுக்கிக்கொண்டே இருக்கிறேன். தங்கள் கையெழுத்தைப் பார்த்தபோது அது வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இப்படிக்கு
மணியன் அன்ட் சன்ஸுக்காக

*

சேசு மரி சூசை

மைலாப்பட்டி
12.5.2025

என் தம்பிக்கு, அந்தச் சிறுமி நான்தான். 1989, எனக்கு எட்டு வயது, உனக்கு ஒன்று. சேலத்தில் நம் வீட்டிலிருந்து கோயில்வரை உன்னைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அடம்பிடித்து, பாதி வழியில் போட்டுவிட்டேன். இடது புருவத்துக்குமேல் தழும்பு இருக்கும், தொட்டுப் பார். அது நீ சத்தியம் செய்த வருஷங்களுக்கு முந்தியது. அதனால்தான் அந்தக் கம்பெனியால் அதை எடுக்க முடியவில்லை.

நேற்று மாலை ஜெபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டிசம்பரில் உன் சீட்டை என் கையால் அடுப்பில் போட்டேன், எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன். நேற்று இளைய சகோதரி கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்தவள், கையில் தாள் தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. "1958 முதல் இன்றுவரை இடைவிடாது உழைத்துவரும்" என்று முழுவதும் சொன்னாள். ஆறு பேரும் பதில் சொன்னார்கள். என் வாயும் சொன்னது. பிறகு கேட்டால் அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

ஆயரின் அனுமதி இன்னும் வரவில்லை. இனி நான் காத்திருக்கப் போவதில்லை. மதரிடம் சொன்னேன். "அனுமதி இல்லாமல் போனால் இந்தக் கதவு உனக்குத் திரும்பத் திறக்காது, ஜெஸ்ஸி" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார். இருபத்தொரு வருஷத்தை இந்த வீட்டுக்கு நான் கொடுத்திருக்கிறேன். எனக்கு அதில் வருத்தமில்லை, கேட்டுத்தான் வாங்கினார்கள், தெரிந்துதான் கொடுத்தேன். உன்னிடம் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சேலத்தில் இறங்கி, ராசிபுரம் வழியாகப் பஸ்ஸில் வருகிறேன். கையில் ஒரு பூட்டு இருக்கும். என்னால் அதைப் போட முடியாது, ஜெபமலர் போட்டுப் பார்த்துவிட்டாள். பூட்ட வேண்டியவன் நீ. அதற்கு நீ யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதனால் வாசலில் நின்று என் பெயரைச் சொல்வேன். நீ எழுந்து கும்பிட்டு, வண்டி விஷயமா என்று கேட்பாய். உன் பெயரைச் சொல்வேன். மறுபடி கேட்பாய். மறுபடி சொல்வேன். மணியனுக்குப் பத்து வருஷம் ஆயிற்றாம். எனக்குத் திரும்பிப்போக இனி இடமில்லை, தம்பி. நீ கதவைச் சாத்துகிறவரை அங்கேயேதான் இருப்பேன்.

உன் அக்கா
ஜெஸ்ஸி